ஆம்ப்புக்கு 24,000, வயருக்கு 1,800: இந்தக் கணக்கு எரியும்



போன வாரம் வீடியோல கார் லோன் பத்திப் பேசினப்போ, "கார் ஆடியோவுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரு சிஏகிட்ட இதைக் கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். "அந்தக் காசை எஸ்ஐபி-ல போடு, இருபது வருஷத்துல இத்தனை லட்சம்." நான் அப்படிச் சொல்லப் போறதில்லை. சம்பாதிக்கிறது வாழத்தான். பேஸ் நெஞ்சுல வந்து இடிக்கணும்னு ஆசைப்பட்டா, அது உங்க ஆசை, உங்க சம்பளம்.

ஆனா ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருக்கேன். வயரிங்குக்குக் காசு இல்லைன்னா, அந்த ஆம்ப் வாங்க உங்ககிட்ட காசு இல்லைன்னு அர்த்தம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பத்தித்தான். ஆடிட் பண்ற ஆளு எதுக்கு ஆம்பியர் பேசுறான்னு கேட்டா, எங்க வீட்டுக் கதையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

## எம்.ரெட்டியபட்டியில் ஒரு ராத்திரி

என் சித்தி பையனுக்கு ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தெரிஞ்சவங்களுக்கு அந்த மண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. கரிசக் காடு, சீமைக் கருவேலம், சித்திரையில மத்தியானம் ரோட்டுல ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. தம்பி மதுரையில ஒரு கம்பெனியில வேலை பாக்குறான். கைக்கு வர்ற சம்பளம் 38,000. ஆறு வருஷம் ஓடின ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கினான். அடுத்த மாசமே ஆடியோ. ஒரு கடையில கொடுத்த கொட்டேஷன் இது:

- மோனோபிளாக் ஆம்ப், 1,000 வாட்ஸ் ஆர்எம்எஸ்: 24,000
- 12 இஞ்ச் சப்வூஃபர் ரெண்டு, பாக்ஸோட: 22,000
- கதவு ஸ்பீக்கர் செட்: 14,000
- நாலு சேனல் ஆம்ப்: 12,000
- ஹெட் யூனிட்: 11,200
- வயரிங் கிட், ஃபிட்டிங் சேர்த்து: 1,800

மொத்தம் 85,000. 24 மாச இஎம்ஐ. எங்கிட்டக் கேக்கல. கேட்டா திட்டுவேன்னு பயம்.

ஊர்ப் பொங்கலுக்கு வந்தவன், ராத்திரி காரைக் கோயில் பக்கம் நிறுத்திட்டு, இன்ஜினை ஐடில்ல விட்டுப் பாட்டைப் போட்டிருக்கான். சுத்தி பத்துப் பசங்க. பின் சீட்டுல சித்தப்பா உக்காந்திருக்கார். பேஸ் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் மங்கி மங்கி வந்திருக்கு. அதைப் பாத்துப் பசங்க விசில் வேற அடிச்சிருக்காங்க. இருபது நிமிஷத்துல எனக்கு போன்.

"அண்ணே, உள்ள பிளாஸ்டிக் தீயுற நாத்தம் வருதுண்ணே."

"இன்ஜினை ஆஃப் பண்ணு. சித்தப்பாவ முதல்ல கீழ இறக்கு. பானட்டைத் திறந்து பேட்டரி நெகட்டிவைக் கழட்டு. மத்ததைக் காலையில பேசலாம்."

பக்கத்து வீட்டு டிராக்டர்ல இருந்து ஸ்பேனர் வாங்கிக் கழட்டியிருக்கான். மறுநாள் அருப்புக்கோட்டையில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கார்பெட்டைத் தூக்கிப் பாத்தோம். இன்ஜின் பக்கத்துல இருந்து கேபினுக்குள்ள வர்ற இரும்புத் தகட்டுல ஒரு ஓட்டை. அதுக்குள்ள ரப்பர் வளையம் போடாம பவர் கேபிளை இழுத்து விட்டிருந்தாங்க. தகட்டோட விளிம்பு கேபிள் தோலைப் பாதி அறுத்திருந்துச்சு. அங்கிருந்து ஒரு அடிக்குத் தோல் பழுப்பு நிறமா மாறி, அல்வா மாதிரி இளகிக் கிடந்துச்சு. ஃபியூஸ் இருந்துச்சு, 100 ஆம்பியர். ஆனா பேட்டரி பக்கத்துல இல்ல, டிக்கியில ஆம்ப் பக்கத்துல.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிளை வெட்டிக் காமிச்சார். வெளியில "4 கேஜ்"னு அச்சடிச்சிருந்துச்சு. உள்ள பாத்தா தோல்தான் தடிமன், கம்பி 8 கேஜ் அளவுதான். அதுவும் முழுச் செம்பு இல்ல. கத்தியால சுரண்டினா உள்ள வெள்ளை, அலுமினியம். மேல செம்பு முலாம். இதைத்தான் சிசிஏ-ன்னு விக்கிறாங்க.

"தம்பி, இன்னும் ஒரு பாட்டு ஓடியிருந்தா வண்டி இல்ல"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

## முதல்ல கண்மாய்க் கணக்கு

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைக் கண்மாயை வச்சு சொன்னா உடனே புரியும். கார்ல ஆல்டர்னேட்டர்தான் வரத்துக் கால். பேட்டரி கண்மாய். ஆம்ப் மடை. வரத்துக் கால்ல வர்றதை விட மடையில அதிகமா திறந்து விட்டா, கண்மாய் எவ்வளவு பெருசா இருந்தாலும் வத்தும். பேட்டரியைப் பெருசாக்கினா வத்துற நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மாசச் சம்பளத்தை மீறிச் செலவு பண்ணிட்டு கிரெடிட் கார்டு லிமிட்டை ஏத்திக்கிற மாதிரி.

இப்போ நம்பருக்கு வருவோம். வாட்ஸை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். ஆனா ஆம்ப் தான் இழுக்கிற கரண்ட் முழுசையும் சத்தமா மாத்தாது. கிளாஸ் டி ஆம்ப்னா சுமார் 80 சதவீதம், கிளாஸ் ஏபி-ன்னா 50, 55 சதவீதம்தான் சத்தமாகும். மிச்சம் சூடு.

தம்பியோட மோனோபிளாக் கிளாஸ் டி. 1,000 வாட்ஸ் வெளியில வர, 1,250 வாட்ஸ் உள்ள போகணும். 13.8 வோல்ட்டால வகுத்தா 90 ஆம்பியர். நாலு சேனல் ஆம்ப் கிளாஸ் ஏபி, நாலுக்கு 60 வாட்ஸ். அது 240-ஐ வெளியில தர 436 வாட்ஸ் இழுக்கும், 32 ஆம்பியர் கிட்ட. ரெண்டும் சேர்ந்து உச்சத்துல 120 ஆம்பியர்.

வரவு எவ்வளவு? அவன் கார் ஆல்டர்னேட்டர் 70 ஆம்பியர். ராத்திரி ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ஃபியூயல் பம்ப் எல்லாம் சேர்ந்து 35 எடுத்துக்கும்னு வைங்க. மிச்சம் 35. பாட்டு எப்பவும் உச்சத்துல ஓடாது, சராசரி மூணுல ஒரு பங்குன்னு வச்சாலும் 40. ஓடுற வண்டியிலேயே பற்றாக்குறை. ஐடில்ல நின்னா ஆல்டர்னேட்டர் பாதி கூடத் தருமாங்கறது சந்தேகம். அப்போ ஆடியோ முழுக்க பேட்டரியில இருந்துதான் ஓடுது. ஹெட்லைட் மங்கினது அதனாலதான். பசங்க விசில் அடிச்சது ஒரு எச்சரிக்கை விளக்கைப் பாத்து.

## கேபிளுக்குள்ள என்ன நடந்துச்சு

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க. பேட்டரியில இருந்து டிக்கிக்கு 5 மீட்டர் கேபிள். அதுல 120 ஆம்பியர் போகும்போது:

- 8 கேஜ் அளவு சிசிஏ: சுமார் 2 வோல்ட் வழியிலேயே காணாமப் போகும். கேபிள்ல சூடு 240 வாட்ஸ்.
- 4 கேஜ் முழுச் செம்பு (சுமார் 21 சதுர மில்லிமீட்டர்): அரை வோல்ட். சூடு 60 வாட்ஸ்.
- 0 கேஜ் முழுச் செம்பு (சுமார் 53 சதுர மில்லிமீட்டர்): 0.2 வோல்ட். சூடு 24 வாட்ஸ்.

ரேடியோ ரிப்பேர் கடையில பாத்திருப்பீங்களே, சின்ன சால்டரிங் அயர்ன், அது 25 வாட்ஸ். பத்து சால்டரிங் அயர்னை ஆன் பண்ணிக் கார்பெட்டுக்கு அடியில வரிசையா வச்ச மாதிரி அந்த முதல் கேபிள். ஒவ்வொரு பீட்டுக்கும்தான், தொடர்ச்சியா இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா கார்பெட்டுக்கு அடியில காத்து போகாது. வெயில்ல நின்ன கார் உள்ள ஏற்கெனவே கொதிச்சுக் கிடக்கும். சூட்டுல கேபிளோட தாங்குற சக்தியும் குறையும். ஊட்டியில தாங்குற கேபிள் திருச்சுழி வெயில்ல அதே அளவு தாங்கும்னு நினைக்காதீங்க.

இன்னொன்னு, ஃபியூஸ். நிறைய பேர் ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாத்தன்னு நினைக்கிறாங்க. பேட்டரி கிட்ட போடுற ஃபியூஸ் கேபிளைக் காப்பாத்த. கேபிள் தோல் அறுந்து பாடியில தொட்டா, சின்னக் கார் பேட்டரி கூட அந்த நிமிஷம் நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். 500 ஆம்பியர்னு வச்சாலே 6,000 வாட்ஸ். டிக்கியில இருக்கிற ஃபியூஸ் இதைத் தடுக்காது. ஏன்னா கரண்ட் அதுவரைக்கும் போகவே போகாது, வழியிலேயே பாடிக்கு இறங்கிரும். அதனாலதான் ஃபியூஸ் பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும்னு உலகம் முழுக்க இந்தத் தொழில்ல இருக்கிறவங்க சொல்றாங்க.

கிராமத்துல கார் நிறுத்துறவங்களுக்கு இதுல கூடுதல் ஆபத்து உண்டு: எலி. வைக்கோல் போர் பக்கத்துல நிக்கிற வண்டியில எலி வயரைக் கடிக்கிறது நம்ம ஊர்ல புதுசு இல்ல. எலி கடிச்சாலும் வண்டியைக் காப்பாத்துறது அந்த ஒன்றரை அடி ஃபியூஸ்தான்.

2023 பிப்ரவரி 2-ம் தேதி கேரளாவுல கண்ணூர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போன கார், ஆஸ்பத்திரி பக்கத்துலயே தீப்பிடிச்சு, முன் சீட்டுல இருந்த கணவன் மனைவி ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. மோட்டார் வாகனத் துறை முதல்ல ஷார்ட் சர்க்யூட்னு சொன்னாங்க. அப்புறம் காரணம் பத்தி வேற பேச்சும் வந்துச்சு. அதனால அந்தக் காரை உதாரணம் காட்டி நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனா எரியுற கார்ல இருந்து இறங்க எவ்வளவு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்னு அது காட்டிருச்சு. அந்த ராத்திரி பின் சீட்டுல இருந்தது முழங்கால் வலியோட இருக்கிற எங்க சித்தப்பா.

## சரியான செட்டப்: நான் பாக்குற செக்லிஸ்ட்

1. பாக்ஸ்ல போட்ட வாட்ஸை நம்பாதீங்க. "3,000 வாட்ஸ்"னு பெரிய எழுத்துல இருக்கும். ஆம்ப்புல இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. 30 ஆம்பியர்னா, 30 பெருக்கல் 13.8, அதுல 80 சதவீதம். 330 வாட்ஸ் கிட்டதான் வரும். இது பேலன்ஸ் ஷீட்டைப் பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாக்குற மாதிரி. ஆர்எம்எஸ் நம்பரை மட்டும் எடுங்க. அமெரிக்காவுல 2003-ல கொண்டு வந்த சிஇஏ 2006-ங்கிற தரத்தை (இப்போ சிடிஏ 2006) பின்பற்றுற ஆம்ப்னா, 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல சிதைவு இல்லாம அளந்த வாட்ஸ். அந்தக் குறி இருந்தா நல்லது.

2. ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்? ஆடியோ கடையில கேக்காதீங்க, சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. சின்ன பெட்ரோல் கார்கள்ல 60-ல இருந்து 90-க்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும். அதுல பாதி காருக்கு. மிச்சம்தான் உங்க பட்ஜெட்.

3. முழுச் செம்புக் கேபிள். கடையில "ஓஎஃப்சி"ன்னு கேளுங்க. ஒரு நுனியை வெட்டிச் சுரண்டிப் பாருங்க. வெள்ளை தெரிஞ்சா வேண்டாம். அலுமினியம் லேசு, கையில தூக்கினாலே தெரியும். சிசிஏ-தான் போடணும்னா ஒரு அளவு பெருசாப் போடணும், ஆனா நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. ஃபியூஸ், பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள. அளவு கேபிள் தாங்குறதுக்கு மேல போகக் கூடாது. நல்ல 4 கேஜ் செம்புன்னா 100 ஆம்பியர், 8 கேஜ்னா 50. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போடுறது, காய்ச்சல் இருக்குன்னு தர்மாமீட்டரை உடைக்கிற வேலை. பின்னாடி ரெண்டு ஆம்ப்புக்குப் பிரியும்போது ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபியூஸ்.

5. எர்த். பவர் கேபிள் எந்த அளவோ, எர்த்தும் அதே அளவு. முடிஞ்ச அளவு குட்டையா. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்புல போல்ட் போட்டு இறுக்கணும். சீட் பெல்ட் போல்ட்டுல மாட்டக் கூடாது. இப்போ வர்ற கார்கள்ல பேட்டரி நெகட்டிவ்ல ஒரு சென்சார் இருக்கும். நேரா அந்த முனையில எர்த்தை மாட்டினா, கார் எவ்வளவு சார்ஜ் போகுதுன்னு தப்பாக் கணக்குப் போடும். பாடியில மாட்டச் சொல்லுங்க.

6. தகடு வழியா போற இடத்துல ரப்பர் வளையம், அதுக்கு மேல குழாய் உறை. அம்பது ரூபாய்ச் சமாச்சாரம். எங்க வீட்டுல கிட்டத்தட்ட ஒரு கார் விலை ஆகியிருக்கும்.

7. இன்ஜின் பக்கத்து மூணு கேபிள். ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரி, பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடி, இன்ஜின்ல இருந்து பாடி. 500 வாட்ஸைத் தாண்டினா இந்த மூணுக்கும் கூடுதலா தடிமன் கேபிள் போடுறது நல்லது.

8. கெப்பாசிட்டர் தலையில கட்டினா சிரிச்சுட்டு வந்துருங்க. 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 13.8-ல இருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குறதுக்குள்ள தர்றது 23 ஜூல். 1,250 வாட்ஸ் இழுக்கிற ஆம்ப்புக்கு அது ஒரு செகண்டுல அம்பதுல ஒரு பங்கு கூடத் தாங்காது. அந்தக் காசுக்குக் கேபிளைத் தடிமனாக்குங்க.

சிஎன்ஜி கார் வச்சிருக்கிறவங்க கவனம். டிக்கியில சிலிண்டர் இருக்கிற வண்டியில, அதே டிக்கியில ஆம்ப்பும் ஃபியூஸும் தளர்வான கனெக்‌ஷனும் சேரக் கூடாது. எலக்ட்ரிக் கார்ல 12 வோல்ட் லைனுக்கு ஆல்டர்னேட்டரே கிடையாது, ஒரு கன்வெர்ட்டர்தான். அதோட அளவு தெரியாம பெரிய ஆம்ப் போடாதீங்க. ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்க.

## இப்போ என் ஏரியா: இன்சூரன்ஸ்

கார் எரிஞ்சா இன்சூரன்ஸ் இருக்குல்லன்னு நினைப்பீங்க. பேக்கேஜ் பாலிசின்னா தீ, வெடிப்பு, தானா தீப்பிடிக்கிறது, மின்னல் எல்லாம் கவர்ல உண்டு. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா உங்க காருக்கு ஒரு ரூபாய் வராது. பேக்கேஜ் பாலிசியிலயும் எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கவர் கிடையாது. ஆம்ப் உள்ளுக்குள்ள எரிஞ்சு போனா அது உங்க நஷ்டம்.

கம்பெனியில வராத, நீங்களா மாட்டின எலக்ட்ரிக்கல் பொருளை இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லணும். இதுக்குன்னே 2002-ல வந்த மோட்டார் டேரிஃப்ல ஐஎம்டி 24-ன்னு ஒரு எண்டார்ஸ்மென்ட் இருக்கு. பொருளோட மதிப்புல 4 சதவீதம் பிரீமியம், மேல ஜிஎஸ்டி. இப்போ கம்பெனிகள் தங்களுக்குன்னு ரேட் வச்சுக்கலாம், ஆனா கணக்குப் போட இந்த 4 சதவீதத்தையே எடுத்துக்கலாம். 63,000 ரூபாய் சாமானுக்கு மூவாயிரம் கிட்ட. இதைக் கட்டாம விட்டா, திருடு போனாலும் எரிஞ்சாலும் அந்த ஆடியோவுக்கு கிளெய்ம் இல்ல. அதை விடப் பெரிய பிரச்சினை, கார் எரிஞ்சு சர்வேயர் வந்து "சொல்லாம மாட்டின வயரிங்தான் காரணம்"னு எழுதிட்டா, காருக்கான கிளெய்மே இழுபறி ஆகும். அப்புறம் எம்.ரெட்டியபட்டியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் ஆணையத்துக்கு அலையணும். ஜெயிக்கலாம். ஆனா அதுவரைக்கும் எரிஞ்ச காருக்கு இஎம்ஐ ஓடும்.

பில் இல்லாம வாங்கினா விலை குறைப்பேன்னு கடையில சொல்லுவாங்க. வேண்டாம். மாடல், சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் இல்லாம எண்டார்ஸ்மென்ட்டும் இல்ல, வாரன்டியும் இல்ல.

சட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சி-யில இருக்கிற விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமா சொல்லிருச்சு. ஆம்ப், ஸ்பீக்கர் மாட்டுறதால ஆர்சி விவரம் மாறாது. ஆனா சப்வூஃபர் பாக்ஸுக்காகப் பின் சீட்டையே கழட்டினா சீட் எண்ணிக்கை மாறுது. மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறைன்னு சட்டத்துல இருக்கு. அதே மாதிரி, கார் கம்பெனி வயரை வெட்டி ஒட்டினா எலக்ட்ரிக்கல் வாரன்டி போகும். வெட்டாம கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்க.

## அதே 85,000, வேற கணக்கு

தம்பிக்கு நான் உக்காந்து எழுதிக் கொடுத்தது இது. முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாம்:

- மோனோபிளாக், 500 வாட்ஸ் ஆர்எம்எஸ்: 13,000
- 12 இஞ்ச் சப்வூஃபர் ஒண்ணு, பாக்ஸோட: 11,000
- கதவு ஸ்பீக்கர் செட்: 14,000
- நாலு சேனல் ஆம்ப், கிளாஸ் டி: 14,000
- ஹெட் யூனிட்: 11,200
- 4 கேஜ் செம்புக் கேபிள், ஃபியூஸ், இன்ஜின் பக்கத்து மூணு கேபிள், கூலி: 11,500
- புது பேட்டரி (பழசுக்கு வயசாயிருச்சு): 5,500
- ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான்: 1,000
- இன்சூரன்ஸ் எண்டார்ஸ்மென்ட், ஜிஎஸ்டியோட: 2,983

மொத்தம் 84,183. மிச்சத்துக்கு விருதுநகர் எண்ணெய் புரோட்டா.

இதுல உச்சத்துல இழுக்கிறது 67 ஆம்பியர் கிட்ட. சராசரி 22. வரவு மிச்சம் 35. கண்மாய் வத்தாது. 4 கேஜ் கேபிள்ல இழப்பு 0.3 வோல்ட் கூட இல்ல. பாதுகாப்புக்குப் போன செலவைக் கூட்டிப் பாருங்க, 21,000 கிட்ட வரும். மொத்தத்துல நாலுல ஒரு பங்கு. நான் சொல்ற விதி இதுதான்: ஆடியோ பட்ஜெட்ல நாலுல ஒரு பங்கை முதல்ல வயரிங்குக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்குங்க. மிச்சத்துல எவ்வளவு பெரிய ஆம்ப் வருதோ, அதுதான் உங்க ஆம்ப்.

"சத்தம் பாதியாயிருமே அண்ணே"ன்னு தம்பி கேட்டான். ஆகாது. வாட்ஸ் பாதியானா 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் தெரியும். சப்வூஃபர் ரெண்டுல ஒண்ணாகுறதால இன்னும் கொஞ்சம் குறையும், அதையும் மறைக்கல. ஆனா முன்னாடி 2 வோல்ட் வழியிலேயே தொலைஞ்சப்போ, அந்த 1,000 வாட்ஸ் ஆம்ப்பும் முழுசா வேலை செஞ்சதில்ல.

கடைக்காரர் பெரிய ஆம்ப்பையும் ஒரு சப்வூஃபரையும் திருப்பி எடுத்துக்கிட்டார், 9,000 ரூபாய் கழிச்சுக்கிட்டு. கூலி ரெண்டு தடவை. அது தம்பி கட்டின ட்யூஷன் ஃபீஸ்.

## இஎம்ஐ-ல ஆடியோ வேண்டாம்

கடைசியா ஒண்ணு. 85,000-ஐ 16 சதவீதத்துல 24 மாசம் கட்டினா, மாசம் 4,160 கிட்ட, மொத்தம் 99,900 வரும். வட்டிக்குப் போற அந்தப் பதினஞ்சாயிரத்துல நல்ல வயரிங்கே முடிஞ்சிருக்கும். "நோ காஸ்ட்"ன்னு சொல்ற இஎம்ஐ-லயும் பிராசஸிங் ஃபீஸும் வட்டி மேல ஜிஎஸ்டியும் உள்ள உக்காந்திருக்கும். மாசம் 7,100 ஒரு ஆர்டி-ல போடுங்க. பன்னெண்டு மாசத்துல காசு ரெடி. அப்பவும் ஆசை இருந்தா, தாராளமா வாங்குங்க.

எங்க பக்கம் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுறவங்களைக் கவனிச்சிருக்கேன். பாக்ஸ் எத்தனைன்னு பேசுறதுக்கு முன்னாடி, ஜெனரேட்டர் என்ன அளவு, கேபிள் எவ்வளவு தூரம் போகணும்னு கேப்பாங்க. ராத்திரி முழுக்கப் பாட்டு நிக்காம ஓடணும், அதுதான் அவங்க பொழப்பு. அந்தக் கேள்வியை நாம கார் ஆடியோ கடையில கேக்கிறதில்ல. இனிமே கேளுங்க. "கேபிள் என்ன அளவு? முழுச் செம்பா? ஃபியூஸ் எங்க வைப்பீங்க?" இந்த மூணு கேள்விக்கு முகம் சுளிக்கிற கடையில காசைக் கொடுக்காதீங்க.

தம்பி வண்டியில இப்பவும் பாட்டு ஓடுது. போன மாசம் சித்தப்பாவைக் கூட்டிக்கிட்டுத் திருச்சுழி கோயிலுக்குப் போயிட்டு வந்தான். பின் சீட்டுல உக்காந்தவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானாம்: "ஏன்டா, இப்போ நாத்தம் ஒண்ணும் வரலையே?"

ஏற்கெனவே ஆம்ப் மாட்டியிருக்கிறவங்க இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பானட்டைத் திறந்து, பேட்டரியில இருந்து போற தடிமன் கேபிளைக் கண்ணால தொடர்ந்து போங்க. ஒன்றரை அடிக்குள்ள ஃபியூஸ் இல்லைன்னா, அதைப் போடுற வரைக்கும் அந்தக் கேபிளைப் பேட்டரியில இருந்து கழட்டி, நுனியை நல்லா டேப் சுத்தி வைங்க. பாட்டு ரெண்டு நாள் காத்திருக்கும்.